இடது சக்கரத்தின் உள்விளிம்பு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். காட்டூர் தனக்கோடிக்கு இது நடந்தது. ஒல்லாந்தர் பழவேற்காட்டுக் கோட்டையில் கொடி ஏற்றியிருந்த காலம். நடந்தது இருட்டிலும் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற பட்டப்பகலில்.

தனக்கோடி மாட்டுவண்டிக்காரன். அந்தத் தை மாதம் கோட்டைக்கு வெடியுப்புப் பீப்பாய்களை ஏற்றிப்போக ஆரம்பித்தான். உயரமான வண்டியில் ஒரு பீப்பாயை ஏற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அதனால் அந்த மாதமே வண்டித் தட்டை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டான். பின்னால் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் தரையில் உரசும். அவ்வளவு தாழ்வு.

அன்றைக்குப் பிடித்தது பீடை. இடது சக்கரத்தின் இரும்புப் பட்டை உள்விளிம்பில் மட்டும் தேய்ந்தது. வண்டி இடப்பக்கமே இழுத்தது. சக்கரங்களை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்தான். தேய்ந்துகொண்டிருந்த சக்கரம் வலது பக்கம் போனதும் தேயவில்லை. இடது பக்கம் வந்த நல்ல சக்கரம் தேய ஆரம்பித்தது. தச்சர் சம்பந்தம் நூல் பிடித்துப் பார்த்தார்.

“அச்சு நேராத்தான் கீது. உள்பக்கமே தேயுதுன்னா அந்த ஓரமா எவனோ குந்திகினு வரான். எறக்கி உடு.”

“நீயே வந்து எறக்கேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

சித்திரையில் அவன் மனைவி பவுனம்மாளுக்கு வலி கண்டது. முன்னால் பிறந்த இரண்டும் பிறந்த அன்றே போயிருந்தன. இந்த முறை இரண்டு நாள் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

“பழவேற்காட்டுல ஜொஹராம்மா கீறாங்க. உச்சிக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துடு. தாண்டிச்சின்னா ரெண்டு உசுரும் இல்ல.”

வைக்கோல் பரப்பி, வலது ஓரமாக அவளைப் படுக்கவைத்தான். இடது பக்கம் பாரம் கூடக் கூடாது.

ஏரி தெரிந்தது. மணல் வந்தது. சர்ர்... சர்ர்... என்று ஒரு சத்தமும் கூடவே வந்தது. சக்கரம் எங்கோ உரசுகிறதென்று இறங்கிப் பார்த்தான். உரசவில்லை. வண்டி நின்றதும் சத்தமும் நின்றது.

திரும்பிப் பார்த்தான். மணலில் இரண்டு சக்கரத் தடம். இடது தடத்தை ஒட்டி, உள்பக்கமாக, இன்னும் இரண்டு கோடுகள். மெல்லிய கோடுகள். இரண்டு பாதங்கள் இழுபட்டு வந்த மாதிரி...

“பவுனு, காலைக் கீழ உட்டியா?”

“அசையவே முடியல, நான் எங்க உடறது.” மூச்சு வாங்கினாள். “கொஞ்சம் அந்தண்டை தள்ளிக் குந்தச் சொல்லேன். எம்மேல ஈரம் படுது.”

காய்ச்சல் பேச்சு என்று நினைத்துக்கொண்டான். மாட்டை அடித்தான்.

கோட்டை மணி தண்ணீர் மேல் மிதந்து வந்தது. எண்ணினான். பதினொன்று.

முன்னால் கழித்துறை, வண்டிகள் உப்பங்கழியைக் கடக்கும் இடம். கெண்டைக்கால் அளவுத் தண்ணீர். அங்கே வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உப்போ, நெல்லோ, கருவாடோ, ஏற்றிய சரக்கில் ஒரு பிடியைத் தண்ணீரில் போடுவார்கள். ‘ஏறினவங்க உங்க பங்கை எடுத்துகினு எறங்குங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கும்பினி அரக்கு முத்திரை வைத்த பீப்பாயில் பிடி அள்ள முடியுமா? மூன்று மாதமாகத் தனக்கோடி எதுவும் போடவில்லை. எதுவும் சொல்லவில்லை.

நடுத்துறையில் இடது சக்கரம் புதைந்தது. கடையாணி பாதி வெளியே வந்திருந்தது. மாடுகள் மண்டியிட்டன.

ஆணியைக் கல்லால் அடித்து உள்ளே ஏற்றினான். சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். அசையவில்லை. அந்த ஒரு மூலை மட்டும் கல்லாகக் கனத்தது. மேலே பவுனம்மாள் அலறினாள்.

இன்னொரு முறை முட்டினான்.

அசையவில்லை.

கையில் போட ஒரு பிடி எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வார்த்தையை மட்டும் சொன்னான்.

“ஏறினவங்க... உங்க பங்கை எடுத்துகினு எறங்குங்க.”

சளக்.

தட்டு மேலே எழும்பியது. சக்கரம் நிமிர்ந்தது.

குழந்தை அழுதது.

எட்டிப் பார்த்தான். ஆண் குழந்தை. பவுனம்மாள் நினைவில்லாமல் கிடந்தாள். துண்டால் பிள்ளையை அவள் வயிற்றின் மேலேயே மூடினான். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான். சந்தோஷத்தில்.

மணி பன்னிரண்டு அடிக்கும்போது ஜொஹராம்மா வாசலில் நின்றான். அவள் தாயையும் பிள்ளையையும் உள்ளே கொண்டுபோனாள். வெகுநேரம் கழித்து வந்தாள்.

“ரெண்டு பேரும் பொழைச்சிட்டாங்க.”

காலில் விழுந்தான். அவள் முகம் தெளியவில்லை.

“தம்பி, வழியில யாரு பிரசவம் பாத்தது?”

“யாரும் இல்லம்மா. நாங்க ரெண்டு பேருதான்.”

“புள்ளையோட தொப்புள்கொடியை நான்தான் அறுத்தேன். ஆனா நஞ்சு ரெண்டு விழுந்திருக்கு. இன்னொண்ணோட கொடி முன்னாடியே அறுத்து, முடிச்சு போட்டிருக்கு.”

தனக்கோடி கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

உள்ளே பவுனம்மாள் கண் விழித்திருந்தாள். பக்கத்தில் கிடந்த பிள்ளையைத் தடவினாள். புருஷனைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

“மூத்ததை அந்தம்மா வாங்கிகினு தண்ணியில எறங்கினாங்களே... எப்ப கொண்டாருவாங்க?”