ஆவி போகும், சொட்டு போகாது

தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தம் உச்சந்தலைக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே கொதிக்கக் கொதிக்க வெந்நீர். தம்ளரின் வாயை மூடியிருப்பது பால்வெள்ளையில் ஒரு மெல்லிய தாள். அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு. எதிரே, ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சாமான் வாங்கும் அதிகாரிகள். முன்னால் இருப்பவர் தம் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுக்கிறார்.

“பயப்படாதீங்க சார், சொட்டாது.”

சொட்டவில்லை. தம்ளரை நிமிர்த்தி மேசைமேல் வைக்கிறார். முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளுக்கு மேலே பிடிக்கிறார். கண்ணாடி மெல்ல வெளுத்துப் பனி மூடுகிறது. அதை அப்படியே மறுபடி மாட்டிக்கொண்டு, எதிரில் ஒருவர் முகமும் தெரியாத நிலையில், எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார்.

“ஆவி போகும், சொட்டு போகாது. அவ்வளவுதான் சார் விஷயம்.”

டயப்பர் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் இவருடைய உத்தியோகத்துக்கு ‘தர விளக்க அலுவலர்’ என்று பெயர். அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. நேரில் ‘தம்ளர் சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘தம்ளர்’. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

ஒல்லியான உடம்பு. துவைத்துத் துவைத்து வலை போலாகிவிட்ட பருத்திச் சட்டை. மேல் பட்டன்கள் எப்போதும் திறந்தே இருக்கும். கேட்டால், “கழுத்தும் தோல்தானேங்க” என்பார். ஷூ போடமாட்டார். கால் விரல்கள் மூச்சு முட்டிச் சாவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

தாளின் ரகசியத்தை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார். “பிளாஸ்டிக்கை உருக்கும்போதே சுண்ணாம்புத் தூளைக் கலந்துடுவோம். தாளா வந்ததும் பிடிச்சு இழுப்போம். பிளாஸ்டிக் நீளும், தூள் நீளாது. அப்ப ஒவ்வொரு தூளைச் சுத்தியும் கண்ணுக்கே தெரியாத ஓட்டை விழும். ஆவி நெளிஞ்சு வெளிய போயிடும். தண்ணிச் சொட்டு இருக்கே, அது தொப்பை போட்ட ஆளு மாதிரி, வாசல்லயே மாட்டிக்கும்.” இந்த இடத்தில் வந்திருப்பவர்களில் யாருக்காவது தொப்பை இருந்தால் சட்டென்று கூரையைப் பார்த்துக்கொள்வார்.

இது வெறும் பிழைப்புப் பேச்சு அல்ல. அவருடைய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, காற்றுப் புகாத பழைய ரக டயப்பர்தான் கடைகளில் கிடைத்தது. தொடையிடுக்கு வெந்து சிவந்து, குழந்தை இரவும் பகலும் அழுதிருக்கிறது. “வாய் இருக்கு, பேச்சு இல்ல. அதுக்காக நாமதானே பேசணும்?” என்று கேட்கும்போது மட்டும் அவர் குரலில் வியாபாரம் இருக்காது.

துணிக்கடைக்குப் போனால் விலையைப் பார்ப்பதற்கு முன் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். காற்று அந்தப் பக்கம் வந்தால் வாங்கலாம். கடைக்காரப் பையன்கள் இவர் படியேறுவதைக் கண்டதுமே அவர் இன்னும் ஊதிப் பார்க்காத துணியாகத் தேடி எடுத்து வைப்பார்கள். “கல்யாணப் புடவையையே ஊதிப் பாத்த மனுஷன் இவரு. எங்கப்பா அன்னிக்கே எழுந்து போயிருக்கணும்” என்கிறார் மனைவி. எங்கள் வீட்டில் புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தோம். அவர் அதில் உட்கார மறுத்துத் தரையில் உட்கார்ந்தார். “பாவம், அதுக்கு மூச்சு முட்டுது” என்று இரண்டு முறை சொன்னார். அவர் போனதும் உறையைக் கிழித்துவிட்டோம். வேறு வழியில்லை.

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர்கள் குறைவு. பெரிய படிப்புப் படித்தவர்களே யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், வெந்நீரும் கண்ணாடியுமாக அலைகிற ஒருவரை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் அவரிடம் ஓர் ஓட்டை இருந்தது, தாளில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது. எதைச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் எப்போதும் மேலிடம் தீர்மானிக்க விட்டுவிடுவார்.

மேலிடத்தின் சோதனை எப்படிப்பட்டது என்பதற்கு அவர்களுடைய ஆய்வுக்கூடமே சாட்சி. அங்கே ரப்பரில் செய்த ஓர் இடுப்பு இருக்கிறது. தலை கிடையாது, கால் கிடையாது, முக்கியமாக வாய் கிடையாது. அங்கு வேலை செய்பவர்கள் அதை ‘மாப்பிள்ளை’ என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு டயப்பர் கட்டி, ஒரு குழாய் வழியாக நீலத் தண்ணீர் விடுவார்கள். இந்தத் தொழில் உலகத்தில் மனித இனம் நீலமாகத்தான் சிறுநீர் கழிக்கிறது. பிறகு டயப்பரைப் பிரித்து, எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மாப்பிள்ளை இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

ஆய்வுக்கூடத்தை அடுத்துப் பொட்டலக் கூடம். இயந்திரம் துப்பும் டயப்பர்களைப் பெண்கள் வரிசையாக நின்று அடுக்கி, உறையிலிட்டு, ஒட்டி அனுப்புகிறார்கள். டயப்பருக்குள் வைக்கும் உறிஞ்சும் தூள் காற்றிலுள்ள ஈரத்தையும் குடித்துவிடும் என்பதால், அந்தக் கூடத்தின் சன்னல்களை ரப்பர் பட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். பஞ்சுத் துகள் பறக்கும். குழந்தையின் பின்பக்கத்துக்குக் கிடைத்துவிட்ட காற்றோட்டம், அதைப் பொட்டலம் கட்டுகிற பெண்ணின் முகத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கூடத்துக்கென்று இருப்பது ஒரே கழிப்பறை. அது பூட்டியிருக்கும். சாவி மேற்பார்வையாளரின் மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். முன்பெல்லாம் ஒருத்தி போனால் அவள் இடத்தில் நிற்க ஒரு மாற்றாள் இருந்தாள். சிக்கனம் என்று சொல்லி அவளை எடுத்துவிட்டார்கள். இயந்திரம் யாருக்காகவும் நிற்பதில்லை, ஆகவே சாவி கேட்டால் “இப்பவா?” என்ற பதில்தான் வரும். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளப் பழகினார்கள்.

தம்ளரின் மனைவிக்கு ஒரு தங்கை. அந்த வரிசையில்தான் நிற்கிறாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு நீர் எரிச்சல் வந்து, காய்ச்சலில் போய் முடிந்தது. “நல்லா தண்ணி குடின்னு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. அப்படியே அந்தச் சாவியையும் எழுதிக் குடுத்திருக்கலாம்” என்று அக்காள் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள். தம்ளர் அப்போது தலையணை உறை ஒன்றை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள்: கழிப்பறையைப் பூட்டாதீர்கள், மாற்றாளைத் திரும்பக் கூப்பிடுங்கள். மேலாளர் யோசித்தார். யோசித்ததன் பலனாக ஒரு நலத்திட்டம் பிறந்தது. பெரியவர்களுக்கான டயப்பரையும் நாமேதானே செய்கிறோம்? பெண்கள் எல்லோருக்கும் வேலை நேரத்தில் ஆளுக்கொன்று இலவசம்! கதவைத் திறந்துவிடுவதைவிட மனித இடுப்பை மூடிவிடுவது மலிவு என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அந்த அறையை ஒட்டியே ஒரு கழிப்பறை உண்டு. அதற்குச் சாவி கிடையாது. உட்பக்கம் தாழ்ப்பாள் மட்டும்தான்.

திட்டத்தைப் பெண்களுக்கு விளக்கும் பொறுப்பு யாருக்கு வரும்? தம்ளருக்குத்தான் வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் வெந்நீருடன் போனார். கவிழ்த்தார். சொட்டவில்லை. மூக்குக்கண்ணாடியில் பனி பூத்தது. மாட்டிக்கொண்டு சிரித்தார். மேலாளர் ஓரமாக நின்று கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

“தோலுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எரிச்சல் வராது, புண்ணு வராது. நான் பொறுப்பு” என்றார்.

வரிசையிலேயே மூத்தவளான ஓர் அம்மாள் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாம் சரி சார். தம்ளருக்கு வெக்கம் கிடையாதே.”

சிரிப்பு எழுந்தது. தம்ளருக்கு அது புரியவில்லை. “வெக்கம் எதுக்கும்மா? வெளிய தெரியவே தெரியாது.”

“அத்தான்,” என்று எழுந்தாள் கொழுந்தியாள். “சும்மா சொன்னா நம்பாதீங்க, செஞ்சு பாத்து நம்புங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல? நீங்களே ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து எங்ககூட ஒரு ஷிப்டு நில்லுங்க. கடைசியில நல்லாருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் நாங்க எல்லாரும் மறுபேச்சு பேசாம மாட்டிக்கிறோம். என்னக்கா, சரிதானே?”

மூத்தவள் தலையாட்டினாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். விளையாட்டாகத் தொடங்கியது பந்தயமாகிவிட்டது. தம்ளர் பின்வாங்குகிற ஆளே அல்ல. “நிக்கிறேன்” என்றார். மேலாளர் முகத்தில் விடிந்தது.

வீட்டில் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “போட்டுக்கிட்டுப் போங்க. வரும்போது அங்கேயே கழட்டிட்டு வாங்க.”

மறுநாள் காலை, தொளதொள பேன்ட்டுக்குள் தம் நிறுவனத்தின் உயர்தரச் சரக்கை அணிந்துகொண்டு, கொழுந்தியாளுக்குப் பக்கத்து இடத்தில் நின்றார். அவள் முதல் வேலையாக அவர் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தாள். “குடிங்க அத்தான். மாப்பிள்ளைக்கு ஊத்துறீங்கல்ல? சோதனைன்னா சோதனையா இருக்கணும்.”

நியாயம் என்று குடித்தார். இன்னொன்றும் வந்தது. அதையும் குடித்தார்.

முதலில் நிறையப் பேசினார். தாள், தூள், ஓட்டை, தொப்பை எல்லாம் வந்தன. போகப் போகப் பேச்சு குறைந்தது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். டயப்பர்கள் வந்துகொண்டே இருந்தன. எடு, அடுக்கு, நுழை, ஒட்டு.

“என்ன சார், மாப்பிள்ளை ரெடியா?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“வர மாட்டேங்குது” என்றார் மெதுவாக. நெற்றியில் வேர்வை. “முட்டிக்கிட்டு நிக்குது. ஆனா வர மாட்டேங்குது.”

இது அவருடைய ஆய்வுக்கூடம் எதிர்பாராத முடிவு. இரண்டு வயதில் அம்மா அதட்டிப் பழக்கிய ஒன்றை, ஆட்கள் சூழ நின்றுகொண்டு, கையில் வேலை ஓடும்போது அவிழ்த்துவிட உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பர் இடுப்புக்கு அம்மா கிடையாது, அதனால் அதற்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை.

அடக்கி அடக்கிப் பார்த்து, பிறகு அடக்க முடியாமல், அது நடந்தது. தாள் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. பேன்ட்டில் கறை இல்லை. வெளியே எதுவும் தெரியவே தெரியாது என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் முகம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் தாள் செய்யவில்லை. வரிசை முழுவதும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து கிண்டலடித்தவள்கூடத் தன் கையையே பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள். இயந்திரம் மட்டும் எதையும் கவனிக்காமல் அடுத்த டயப்பரை அனுப்பியது. தம்ளர் அதை எடுத்தார், அடுக்கினார். ஈரமில்லை, எரியவில்லை, எல்லாம் காய்ந்துதான் இருந்தது. மூக்குக்கண்ணாடி மட்டும், மேலே வெந்நீர் எதுவும் இல்லாமலேயே, பூத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் வந்தார். உடன், அன்றைக்கு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த அந்த மருத்துவமனை அதிகாரி.

“இவர்தான் சார், நம்ம ஆளு! சொந்த உடம்புலயே சோதனை!” மேலாளர் தம்ளரின் தோளில் தட்டினார். “சொல்லுங்க, எப்படி இருக்கு? காஞ்சுதானே இருக்கு?”

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. தம்ளருக்குப் பொய் சொல்ல வராது.

“காஞ்சுதான் சார் இருக்கு.”

“கேட்டுக்கிட்டீங்களாம்மா?” என்று பெண்கள் பக்கம் திரும்பினார் மேலாளர். கொழுந்தியாள் கண்களை மூடிக்கொண்டாள்.

தம்ளர் தம் இடத்தைவிட்டு நகர்ந்தார். அவர் எடுக்க வேண்டிய டயப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விழத் தொடங்கின. மேற்பார்வையாளரின் மேசைக்குப் போய், கேட்காமல், ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

“சார், நீங்கதான் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு எதுக்கு இது?” என்றார் மேற்பார்வையாளர்.

சாவியோடு கழிப்பறைப் பக்கம் நடந்தார். கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது, உறையில் அச்சடித்துள்ள அறிவுரைப்படி இறுகச் சுருட்டிப் பட்டையால் ஒட்டிய கனமான வெள்ளைப் பந்து ஒன்று அவர் ஒரு கையில் இருந்தது. மறு கையில் சாவி. சாவியைக் கொழுந்தியாளிடம் கொடுத்தார்.

“போயிட்டு வா. அடுத்து வரிசையில மூத்த அக்காவை அனுப்பு. உன் இடத்துல நான் நிக்கிறேன்.”

பிறகு மேற்பார்வையாளரின் மேசைக்குத் திரும்பி, சாவி தொங்கிய ஆணியில், மேலாளரும் அதிகாரியும் பார்க்கப் பார்க்க, அந்த வெள்ளைப் பந்தைப் பட்டையைப் பிடித்து மாட்டினார். மேற்பார்வையாளர் நாற்காலியோடு பின்னால் பாய்ந்தார்.

“பயப்படாதீங்க சார்,” என்றார் தம்ளர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டே. “சொட்டாது.”