நடுவில் பெய்த மழை

எங்கள் வீட்டு வானிலை அதிகாரி என் கணவர். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பல்கனியில் நின்று கடலைப் பார்த்தாலே போதும் என்பேன் நான். அவருக்குப் போனில் விதம் விதமான செயலிகள் வேண்டும், எல்லாவற்றையும் சத்தமாக வேறு வாசிக்க வேண்டும்.

வங்கக் கடலில் புயல் உருவாகியிருந்த கிழமைதான் அப்பாவுக்குக் கொழும்பில் கண் ஒப்பரேசன். அவர் யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, பொழுதுபட்டால் படி தெரியாது. மாதக்கணக்காகக் காத்துக் கிடைத்த திகதி.

அன்றும் இவர் போனைத் திறந்து வாசித்தார். புயல் வடக்குக் கரையை நாளை மறுநாள் கடக்கும், கடும் காற்று வீசும். மேல் மாகாணத்தில் இடைக்கிடை மழை. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். வடமத்தி, புத்தளம், மலைநாடு என்று நடுவிலும் என்னவோ மிகப் பலத்த மழை, வெள்ள அபாயம் என்று வாசித்துக்கொண்டே இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் பஸ் ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும்தான் ஊர். நடுவில் இருப்பது நித்திரை. அப்பா பக்கத்திலிருக்கிற சாவகச்சேரி வர முதலே குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டுக் குறட்டை விடுகிற ஆள்.

போன் எடுத்தேன்.

"அப்பா, புயல் உங்கட பக்கம்தான் வருது. இஞ்ச சாதுவான மழைதான்."

"அப்ப புயலுக்கு முந்தி நான் இண்டைக்கே இரவு பஸ்ஸில வெளிக்கிடுறன்."

"ஓம், அதுதான் நல்லம்," என்று இவரும் பின்னால் இருந்து கத்தினார்.

மறுநாள் விடிய பஸ் வரவில்லை. அப்பாவின் போனும் வேலை செய்யவில்லை. வெள்ளவத்தையில் காலிக்குப் போகிற வீதியில் குடைகூடத் தேவைப்படாத தூறல், ரயில்கள் வழமைபோல் ஓடின. பஸ் பதிவு செய்கிற கந்தோருக்குப் போனேன்.

"ரோட்டில வெள்ளம் அக்கா. ஏதோ ஒரு பாலத்துக்கு அங்கால பஸ் நிக்குதாம். ட்ரைவரின்ர போனும் வேலை செய்யேல்ல," என்றான் அங்கிருந்தவன்.

வீட்டுக்கு வந்தால் இவர் போனைத் தூக்கிக்கொண்டு, "புத்தளம் மாவட்டத்தில..." என்று தொடங்கினார்.

"ஐயோ, இனி வாசிச்சு என்னத்துக்கு!" என்று பாய்ந்தேன். பாவம், அவர் நேற்றும் வாசித்தவர்தான். படி தெரியாத மனுசன் வெள்ளத்துக்குள் எங்கே கால் வைப்பார் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. சமைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஓட்டோவில் வந்து இறங்கினார் அப்பா. இடுப்பில் யாரோ ஒருவரின் கட்டம் போட்ட சாரம், இறுக்கமான சேர்ட், காலில் செருப்பில்லை. கட்டிப்பிடித்து அழுதேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தால் எனக்கென்ன. யாழ்ப்பாணத்தில் புயல் விலகிப் போய்விட்டது, முற்றம் நனைந்ததோடு சரி என்று அதற்குள் செய்தி வந்திருந்தது. அதைக் கேட்டு அப்பா சிரித்தார்.

ஒப்பரேசனுக்கு வேறு திகதி தருவார்களாம். சோறு சாப்பிட்டபடியே நடந்ததைச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் பஸ்ஸில் வந்த சனம் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, மேட்டில் இருந்த வீடொன்றில் ஏறியிருக்கிறார்கள். சாரமும் சேர்ட்டும் அந்த வீட்டுப் பெண்ணின் புருசனுடையவை.

"சிங்களப் பிள்ளை. எந்த ஊர் எண்டு கேட்டாள். யாப்பாணம் எண்டன். ஐயோ, அங்கயும் மழையோ, உங்கட ஆக்கள் பத்திரமோ எண்டு உடன கேட்டாள். அவளின்ர குசினிக்குள்ள, அடுப்படி வரைக்கும் தண்ணி ஏறிக் கொண்டிருக்கு, பிள்ளை."

அப்பாவின் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டேன்.

பின்னேரம் இவர் வழமைபோல் போனை எடுத்தார். வடக்கு வாசித்தார், மேல் மாகாணம் வாசித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ர இடத்துக்கு என்ன போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"எந்த இடம் மாமா?"

அப்பா சாரத்தின் நுனியை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த காலம் தொட்டு அவர் போய்வருகிற பாதை அது.

"தெரியாது தம்பி. எல்லாத்தையும் வாசியும்."