டின்பால் சொன்ன சேதி

பை நிறையச் சாமான்களோடு கோல சிலாங்கூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார் அமராவதி அக்கா. எதிரே வந்த பக்கத்து வீட்டுக் கங்கா, "எங்கக்கா போயிட்டு வர்றீங்க?" என்கிறாள்.

"சும்மா, இங்கதான் லா."

பையின் வாயைப் பழைய நாளிதழ் மூடியிருக்கிறது. உள்ளே இருப்பது பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்துக் கருவாடு. வாசனை தெருமுனை வரை வருகிறது. இருந்தாலும் மூடித்தான் கொண்டுவருவார். அரிசி ஒரு கடையில், சீனி வேறொரு கடையில். கேட்டால், "ஒரே கடையில வாங்குனா நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சிடும்" என்பார். தெருவில் எல்லாருக்கும் இது சிரிப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவர் தோட்டத்துக் கதையைச் சொல்லும் வரை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு. அவர் மரம் சீவிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டம் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். போக்கிடம் இல்லாத சனங்கள், மாநிலத் தலைநகர் ஷா ஆலம் போய் அரசாங்க அதிகாரியிடம் மனுக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு அக்காதான் தலைவி. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். எல்லாருக்கும் டின்பால் ஊற்றிய தேநீர் அவர் பொறுப்பு.

மறுநாள் காலை, வாடகை பஸ் வருவதற்குள் தோட்டத்து வாசலில் இரண்டு லோரிகள் குறுக்கே நின்றன. "இன்னிக்குப் பெரட்டுல பேர் கொடுக்காதவங்களுக்கு நாளைக்கு வீடு இல்ல!" என்று, காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் மண்டோர் கத்தினார். பஸ் காலியாகத் திரும்பியது. இரண்டாம் முறையும் அதே லோரிகள், அதே வார்த்தை.

யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. மானேஜர் பங்களாவில் புல் வெட்டுகிற இருசப்பன் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. "பங்களாவுல சோறு திங்கிறவன் வாயை மூடிக்கிட்டா இருப்பான்?" முதலில் அதைச் சொன்னவர் அமராவதி அக்கா. அதன்பின் இருசப்பனிடம் யாரும் முகம் கொடுக்கவில்லை. அவர் மகள் காதுகுத்துக்குப் போட்ட பந்தலில் நாற்காலிகள் மடித்தபடியே கிடந்தன.

ஒருநாள் அக்கா டவுனுக்குப் போய், எப்போதும் சாமான் வாங்கும் ஷேக் தாவூது கடையில் ஒரு டின்பால் கேட்டார்.

"ஒண்ணு போதுமா? இந்த வாரம் கூட்டம் இல்லையாம்மா?"

"கூட்டம்னு உங்களுக்கு யாரு பாய் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ பத்து டின் வாங்குனா அன்னிக்குக் கூட்டம்னு நானே நெனச்சுக்குவேன். உங்க தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியும் வந்து, 'இன்னிக்கு டின்பால் ஓடுச்சா பாய்'னு கேப்பாரு. ஏவாரத்தப் பத்திக் கேக்குறாருன்னு நானும் சொல்லுவேன்."

அதைச் சொல்லும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "கிராணி மேல கோவமே வரல. இருசப்பண்ணன் மொகந்தான் கண்ணுல வந்து நின்னுச்சு."

நேரே இருசப்பன் வீட்டுக்குப் போனார். வாசலில் அவர் புல்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "நீங்க இல்லண்ணே. நான் வாங்குன டின்பால்தான் காட்டிக் கொடுத்துச்சு" என்று நடந்ததைச் சொன்னார். இருசப்பன் நிமிராமலே, "எம் மக காதுகுத்துக்கு நீ கூட வரலியே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அக்கா அங்கேயே நின்று அழுதார்.

அதிலிருந்து வாராவாரம் பத்து டின் வாங்கினார். மண்டபத்தில் பஜனை நடந்தது, தேநீர் ஓடியது, யாரும் எங்கும் போகவில்லை. லோரிகள் வாசலில் சும்மா நின்றன. பிறகு நிற்பதையும் விட்டன. போக வேண்டிய வாரத்தில் டின்னும் வாங்கவில்லை, கூட்டமும் போடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒரு வாய் இன்னொரு காதுக்குச் சொன்னதோடு சரி. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, எப்போதும்போல் வாளியோடு மரங்களுக்குள் போனார்கள். வாளிக்குள் மடித்த சேலையும் சட்டையும். அங்கேயே உடை மாற்றி, வாளிகளை மரத்தடியில் விட்டு, குறுக்குப் பாதையில் பெரிய ரோட்டுக்கு வந்து, ஷா ஆலம் போக இருவர் மூவராகக் கிள்ளான் பஸ் ஏறினார்கள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் மாற்று வீடு கொடுக்காமல் லயத்தை இடிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இப்போது அக்கா இருக்கும் வரிசை வீடுகள் அப்படி வந்தவைதான். வீட்டில் அவருக்குக் குறையில்லை. லயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "அங்க ஒரு அடுப்புல மீன் கொதிச்சா பத்து வீட்டுக்கும் தெரியும். யாரும் கேக்காமலே ஒரு கிண்ணம் வரும். இங்க நான் செத்தாக் கூட அடுத்த வீட்டுக்குத் தெரியாது போல."

அன்று ஷா ஆலத்தில் நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. உடன் போன நல்லம்மாள்தான் சொன்னார். அதிகாரி அறைக் கதவு திறந்து, "உங்களில் யார் தலைவர்? உள்ளே வாருங்கள்" என்று அழைத்தார்கள். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். கடைசியில் சுவரோடு சுவராக நின்ற இருசப்பனின் இரண்டு கைகளையும் பிடித்து, மனுவை அவற்றில் வைத்து, அவரை முன்னால் விட்டு, தான் பின்னால் நடந்தார்.