தப்பை மட்டும் கேட்காத விமானம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, முனி, காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். எங்கள் மில்லில் ஓரத்து விளக்கு ஒன்று தானாக அணைந்து தானாக எரிகிறது, அதற்கடியில் ஒருத்தி நிற்கிறாள் என்று ஒரு மாதம் யாரும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகவில்லை. நான் ஏணி வைத்து ஏறி, லூசாகக் கிடந்த நியூட்ரல் வயரை முறுக்கிவிட்டேன், அன்றோடு அவள் போய்விட்டாள். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், எனக்கு வருத்தமில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அருளப்பன் என்று எனக்கு ஒரு கூட்டாளி. ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவன், அதாவது இரும்பில் வார்க்க வேண்டிய சாமானை முதலில் மரத்தில் செய்து கொடுக்கிறவன். ஒரு பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிவிட்டு, "இந்த ஓரம் ஒரு நூல் தூக்கியிருக்கு" என்பான், ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தூக்கியிருக்கும். அந்த விரல்களைத்தான் நான் என் கண்ணைவிட நம்பினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், விமானம். மதுரைக்குப் போனால் மீனாட்சியைப் பார்க்கிறோமோ இல்லையோ, ஏர்போர்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு விசிறி வைத்த அந்தப் பயணி விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். மற்றவர்கள் என்றால் கையகலத்தில் ஒன்று செய்து பறக்கவிட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்வார்கள். நாங்கள் அகலக்கால் வைத்தோம். பத்தடி இறக்கை, எட்டடி உடம்பு, இரண்டு எஞ்சின், பன்னிரண்டு கிலோ, அதே விமானம் சின்ன அளவில். நான்கு வருஷம் ஆனது. மரம் சிவகாசிப் பக்கம் தீக்குச்சிக்கு வெட்டுகிற மரம். இறக்கைக்குப் போர்த்தியது எங்கள் ஊர் பேண்டேஜ் துணி. அதை அருளப்பன் பெண்டாட்டி ரோஸி இழுத்துத் தைத்துக் கொடுக்க, மேலே வார்னிஷ் அடித்தோம். எஞ்சினும் ரிமோட்டும் மட்டும் அருளப்பனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய சாமான். ரிமோட்டில் மூன்றே கட்டளை: வேகம், ஏற்ற இறக்கம், இட வலம். இட வலத்துக்கு வாலில் நிமிர்ந்து நிற்கிற பலகை திரும்பும், அதற்கு ரட்டர் என்று பெயர்.

இதில் இன்னொன்று சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. ரிமோட்டில் ஒரு கிரிஸ்டல், விமானத்துக்குள் ஒரு கிரிஸ்டல், இரண்டும் ஜோடி. சுண்டுவிரல் நகம் அளவு சாமான்தான், ஆனால் விமானத்தில் அது இல்லாவிட்டால் ரிமோட்டில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் விமானத்துக்குக் கேட்காது. ஒருமுறை வீட்டில் ரிமோட்டைச் சும்மா தட்டப்போய், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சீறி விசிறி என் விரலைச் சீவிவிட்டது. அன்றிலிருந்து விமானத்தை எங்கே எடுத்துப் போனாலும் அதன் கிரிஸ்டலைக் கழற்றி, ஒரு தீப்பெட்டியில் போட்டு, சட்டைப் பையில் வைத்துப் பட்டனையும் போட்டுவிடுவேன். களத்தில் போய்த்தான் மாட்டுவது.

விமானம் முடிகிற நேரத்தில் அருளப்பனுக்குக் கண் போக ஆரம்பித்தது. உள்ளே நரம்பு விட்டுப்போகிறது என்றார்கள், ஒரு கண்ணில் வெறும் வெளிச்சம், இன்னொரு கண்ணில் ஓரமாகக் கொஞ்சம். மதுரையில் ஆபரேஷன், திங்கட்கிழமை சேர வேண்டும், பார்வை நிற்கவும் செய்யலாம், அடியோடு போகவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அருளப்பன் என்னிடம் வந்து நின்றான்.

"சீனி, நாளைக்குப் பறக்க விட்ருவோம்லே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துரணும். தாழ கொண்டு வா, எனக்கு அந்தச் சன்னல் வரிசை தெரிஞ்சா போதும்."

சரி என்றுவிட்டேன். ஆனால் பயம். நான் ஓட்டிப் பழகியது ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம், அதிலேயே நான்கை உடைத்தவன்.

ஞாயிறு விடியற்காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு கண்மாய், கோடைக்கு வற்றிப்போய் சிமெண்டுத் தரை போலக் கிடந்தது. டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம். மேற்கே மலை, வடக்கே தூரத்தில் கோபுரம். எட்டு மணிக்கு மேல் மலைக்காற்று இறங்கிவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். ரோஸி கரை மேல் ஜெபமாலையும் கையுமாக நின்றாள்.

"சீனியண்ணே, அவிய நேத்து பூரா கண்ணசரல. பாத்து விடுங்க."

இறக்கையை மாட்டி, போல்ட்டு முடுக்கி, எண்ணெய் ஊற்றி, இரண்டு எஞ்சினையும் கிளப்புவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. இடது எஞ்சின் மக்கர் செய்து அரை மணி நேரத்தைத் தின்றது. மலைப்பக்கம் மரங்கள் லேசாக ஆட ஆரம்பித்ததைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், அந்தப் புகை வாசனை இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது.

எங்கள் வழக்கம் என்னவென்றால், நான் முன்னால் எஞ்சின்கள் பக்கம் குத்தவைத்திருப்பேன், ரிமோட் கழுத்தில் தொங்கும், அருளப்பன் பின்னால் வாலைப் பிடித்திருப்பான். நான் இங்கே ரிமோட்டின் குச்சியை ஆட்ட, அவன் அங்கே வால் பலகைகளைத் தொட்டுப் பார்த்துக் கையைத் தூக்கிச் சரி என்பான். அன்றைக்கும் ஆட்டினேன். செத்த நேரம் பதில் இல்லை. பிறகு கையைத் தூக்கி, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினான், "சரி!"

நான் வேகத்தைக் கூட்டினேன். சத்தம் ஏறியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் குச்சியைத் தள்ளத் தள்ளத்தான் சத்தம் ஏறியது. அருளப்பன் வாலை விட்டான். ஓடியது, ஓடியது, கண்மாயில் பாதி தூரம் ஓடி, பிறகு யாரோ தாங்கி எடுத்ததுபோல் எழுந்தது.

என்ன சொல்வது? நான்கு வருஷம் முறித்து, ஒட்டி, தேய்த்துச் செய்த மரமும் துணியும் தலைக்கு மேலே நிஜ விமானமாகவே போனது. இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். கோபுரத்தின் பக்கம் திரும்பியபோது வெயில் இறக்கையில் பட்டு மின்னியது. மலைப்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி, அருளப்பன் பார்க்கட்டும் என்று எங்களை நோக்கித் தாழ இறக்கினேன்.

அப்போதுதான் இடது எஞ்சின் நின்றது.

இரட்டை எஞ்சினில் ஒன்று நின்றால், நின்ற பக்கம் சரியும். எதிர்ப்பக்கம் ரட்டர் கொடுத்துத் தூக்க வேண்டும், அதற்கு ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது. ஆனால் விமானம் நம்மை நோக்கி வருகிறபோது அதன் இடம் நமக்கு வலம். அது என் வலப்பக்கம் சரிந்தது. நான் பதறிப்போய் ரிமோட்டில் இடப்பக்கம் அழுத்தினேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. அப்படிக் கொடுத்தால் சரிகிற பக்கமே இன்னும் தள்ளும், குப்புறப் புரண்டு விழும். விழ வேண்டிய இடத்தில் கரை, கரையில் ரோஸி.

தப்பு என்று மண்டைக்குத் தெரிகிறது, கட்டைவிரல் கேட்கவில்லை. இடப்பக்கமே அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.

விமானம் நிமிர்ந்தது. அவசரமே இல்லாமல், சரிந்த இறக்கையைத் தூக்கி, நான் கொடுத்ததற்கு நேர் எதிராகத் தன் வலப்பக்கம் திரும்பியது. ரோஸி தலைக்கு மேலே போய், ஒரே எஞ்சினோடு கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றியது. அருளப்பனுக்கு முன்னால் பனைமர உயரத்தில் கடந்து போனது, அத்தனை மெதுவாக, சன்னல்களை எண்ணலாம் போல. நான் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்துவிட்டேன். அது பாட்டுக்கு நேர் பிடித்து, இறங்கி, உருண்டு வந்து, அருளப்பனுக்குப் பத்தடி தள்ளி நின்றது. பிறகு வலது எஞ்சினும் அணைந்தது.

எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். கோயிலில் திரை விலகினால் ஒரு அமைதி வருமே, அப்படி இருந்தது. மெல்லப் போய், விமானத்தின் சுவிட்சை அணைக்க அதன் மூடியைத் திறந்தேன். கிரிஸ்டல் மாட்டுகிற ஓட்டை காலியாக இருந்தது. சட்டைப் பையைத் தொட்டேன். பட்டன் போட்டபடி இருந்தது. உள்ளே தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் கிரிஸ்டல்.

மூடியைச் சாத்திவிட்டேன். அருளப்பன் தட்டுத்தடுமாறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "பாத்துட்டேன்லே. சன்னல் அம்புட்டும் பாத்துட்டேன். எப்பிடி ஓட்டுன!" அவனிடம் என்ன சொல்வேன்? நான் ஓட்டவில்லை என்றா? திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடமா? வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் இன்னொரு கண்ணும் போய்விட்டது. அவன் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது அந்தச் சன்னல் வரிசைதான். பிறகு நான் மில்லை விட்டு மோட்டார் காயில் கட்டுகிற கடை போட்டேன், அருளப்பனையும் கூட்டிக்கொண்டேன். காயில் சுற்றக் கண் எதற்கு, அவன் விரல் போதும். விமானத்தின் இறக்கையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி, உடம்பைக் கடைக் கூரையில் தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு அதை நாங்கள் பறக்கவிடவும் இல்லை, சுவிட்சைப் போடவும் இல்லை.

ஆறேழு வருஷம் ஓடியிருக்கும். ஒரு மழை நாள், காயில் கம்பி விற்கிற ஆள் ஒருவர் வந்தவர் அண்ணாந்து பார்த்து, இது பறக்குமா என்று கேட்டார். அருளப்பன் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டான், இவன் எப்படி ஓட்டினான், ஒரு எஞ்சின் நின்றும் எப்படிக் காப்பாற்றினான் என்று. அந்த ஆள் போனதும் எனக்குத் தாங்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அருளப்பன் கிரிஸ்டலை விரல்களுக்கிடையில் உருட்டினான்.

"சீனி, நீ வையாத. அன்னைக்கு வாலைத் தொட்டுப் பாத்தேன்லா, ரட்டர் அசையவே இல்லலே. ஒரு மயிரிழைகூட அசையல. நேரா, செத்தாப்ல நின்னுச்சு."

"பொறவு எதுக்குலே சரின்னு சொன்ன?"

"அசையலன்னு சொன்னா நீ தெறந்து நோண்டுவ. காத்து எறங்கிரும். அன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் ஏது? என்னமும் ஆகட்டும், மாதாவே நீ பாத்துக்கோன்னு கையத் தூக்கிட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டு கிலோ, இரண்டு விசிறி, கரையில் உன் பெண்டாட்டி நின்றாளே, பாவி, என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்லே. அவ பக்கம் சத்தம் சரிஞ்சப்பதான் தெரிஞ்சுது நான் என்ன செஞ்சேன்னு. இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட சொல்லல."

கோபம் தணிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் ஓட்டவில்லை என்று எனக்குத் தெரியும், ஓட்ட முடியாது என்று அவனுக்கு முதலிலேயே தெரியும். ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு ஆறேழு வருஷம் அந்த விமானத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம். "அப்போ ஓட்டுனது யாருலே?" என்று கேட்டுவிட்டு அருளப்பன் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவன் எழுந்து, ஸ்டூலில் ஏறி, வாலைத் தடவினான். கை அப்படியே நின்றுவிட்டது. "சீனி, இங்க வா."

போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் தலைக்கு மேல் தொங்கியும் நான் கவனிக்காதது. ரட்டர் நேராக இல்லை. ஒரு விரற்கடை வலப்பக்கம் திரும்பி நின்றது. இடது எஞ்சின் நின்றால் எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவு, என் விரல் கொடுக்காத பக்கம். அதைத் திருப்புவது உள்ளே இருக்கிற சின்ன மோட்டார், பல்சக்கரம் வைத்தது. கையால் தள்ளினால் பல் உடையும், இது உடையவில்லை. கிரிஸ்டல் இல்லாமல் அந்த மோட்டார் சுற்றவே சுற்றாது. காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?

நீங்கள் ஏதாவது காரணம் சொல்வீர்கள். இறங்கும்போது குலுங்கியது, தூக்கி மாட்டும்போது இடித்தது என்று. நானும் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அதை நேராக்க எனக்குத் துணிவு வரவில்லை, ஒட்டடை அடித்தால்கூட வாலை மட்டும் விட்டுவிடுவேன். அருளப்பன் அப்படியில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் ஸ்டூலில் ஏறி அந்த ரட்டரைத் தொட்டுப் பார்ப்பான். அது அங்கேயே வலப்பக்கம் நிற்கும். பிறகு அன்றைக்குக் கண்மாயில் தூக்கியது போலவே கையைத் தூக்கி, என் பக்கம் திரும்பி இல்லை, வேறு யாருக்கோ சொல்வதுபோல் "சரி" என்பான். அவன் யாருக்குச் சொல்கிறான் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.