நான் கொடுத்த ஒரு ரூபாய்

1969ஆம் ஆண்டு ஏப்ரல் 23, புதன்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். பொம்மிடிப் பக்கம் மேகம் கட்டியிருந்தது, ஆனால் மழை இல்லை. புழுதிக் காற்று மட்டும் அடித்தது. கடத்தூருக்கு நான்கு மைல் தள்ளியிருந்த எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையின் கடைசி நாள். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், என் சித்தப்பா, அவருடைய கிடார். அப்போது எனக்கு ஒன்பது வயது மூன்று மாதம்.

சித்தப்பா ஐந்து வருடம் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர். அங்கே சாயங்காலங்களில் அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டை வாசிக்கும் ஒரு குழு இருந்ததாம். அந்தப் பாட்டுக்கு 'சோல்' என்று பெயர். தட்டைக் கழுவிக்கொண்டே அதைக் கேட்டுக் கேட்டு, யாரிடமோ பழைய கிடாரை வாங்கி, அந்த மாதிரியில் தமிழில் தானே பாட்டு எழுதத் தொடங்கினார். ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் சொந்தப் பாட்டு பதினொன்று இருந்தது. வேறு சொத்து இல்லை.

அவர் பாடுவது ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொள்வார். ஒரே சொல்லைப் பிடித்து இழுப்பார், குரல் பாதியில் உடையும், உடைந்த இடத்திலிருந்தே மறுபடி ஏறும். எங்கள் மாமா ஒருமுறை அப்பாவிடம் கேட்டார்: "ஏனுங்க மச்சான், தம்பிக்குப் பல்லு வலிங்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவை விட அவர் பதினாறு வயது மூத்தவர். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பொம்மிடியில் தம்பிக்குப் பெண் பார்த்து, பேச்சு முடியும் கட்டத்தில் இருந்தது. பெண்ணின் தகப்பனார் பண்டிகைக்கு வருவதாக இருந்தார். அந்தச் சமயத்தில் சித்தப்பா மேடையில் பாட வேண்டும் என்று நின்றார். மூன்று நாள் பேசாமலிருந்த அப்பா நான்காம் நாள் சொன்னார்:

"ஏறிப் பாடு. ஆனா ஒருத்தன் காசு உன் சட்டையில ஏறக்கூடாது. காசுக்குப் பாடறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஏறுச்சுன்னா அப்புறம் இந்த வூட்டுப் படி ஏறாத."

"ஒரு பைசா தொடமாட்டேங்கண்ணா," என்றார் சித்தப்பா.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பாட்டு பிடித்திருந்தால் ரூபாய் நோட்டை மைக் செட்காரரிடம் கொடுப்பார்கள். அவர் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி, பாடுகிறவர் சட்டையில் ஊசியால் குத்திவிடுவார். பாட்டு நடந்துகொண்டிருந்தாலும் காத்திருக்கமாட்டார். பாடகர்களிடம் ஒரு தந்திரமும் உண்டு. முதல் நோட்டைத் தாங்களே கொடுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் பெயரில் சொல்ல வைப்பார்கள். அதைக் கேட்டு மற்றவர்கள் பையில் கை விடுவார்கள்.

சித்தப்பாவுக்கு முன்னால் சினிமாப் பாட்டுப் பாடியவன் சட்டையில் பதினான்கு நோட்டு. நான் எண்ணினேன். சித்தப்பா முதல் பாட்டை முடித்தார், நோட்டு இல்லை. இரண்டாவது பாட்டை ஆரம்பித்தார். பின்னால் ஒருவன், "பாடறானா, அழுவறானா?" என்றான். இன்னொருவன், "ரெண்டும் ஒரே கூலிதான், வுடு," என்றான். சிரித்தார்கள். பதினான்குக்குச் சுழி. அந்தக் கணக்கை என்னால் பொறுக்க முடியவில்லை.

தேங்காயும் கற்பூரமும் வாங்க அம்மா கொடுத்த ஒரு ரூபாய் என் கையில் இருந்தது. மைக் செட்காரரிடம் நீட்டினேன்.

"யாரு பேர்ல சொல்றது?"

சிறுவன் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்பா பெயரைச் சொன்னேன்.

சித்தப்பா அப்போது கண்ணை மூடி மூன்றாவது அடியில் இருந்தார். முதல் இரண்டு அடியும் தண்ணீர் வற்றிய ஒரு கிணற்றைப் பற்றி. மூன்றாவதில், ஒரு பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார். அந்த நடையின் நடுவே மைக் அப்பாவின் பெயரைக் கூவியது; "அன்பளிப்பு ஒரு ரூபாய்" என்றது. சட்டையில் ஊசி ஏறியது.

சித்தப்பா கண்ணைத் திறந்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் அப்பாவைத் தேடிப் பார்த்தார். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பெண்ணின் தகப்பனார் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அன்று இருட்டுவதற்குள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார், படி ஏறவில்லை. வாசலில் நின்று அந்த நோட்டைப் படியின்மேல் வைத்து, ஒரு கல்லை எடுத்துப் பாரம் வைத்தார்.

"தொரத்தணும்னா வாயால சொல்லியிருக்கலாங்க. ஊரக் கூட்டிக் கூலி குடுத்திருக்க வேண்டாம்."

உள்ளேயிருந்து அப்பா, "எம் பேர வெச்சே பிச்சை எடுத்துட்டுப் பேச்சப் பாரு," என்றார். அவர் அந்த முதல் நோட்டுத் தந்திரத்தை நினைத்துச் சொன்னார். அது சித்தப்பா காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் கிடாரோடு ரோட்டில் இறங்கிவிட்டிருந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாய் திறந்தால் கற்பூரக் காசு போனது தெரிந்துவிடும், அப்பா கையால் எத்தனை அடி விழும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வரை எண்ணினேன். சொல்லவில்லை.

மறுநாள் காலையிலும் நோட்டு கல்லுக்கடியில் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. நான் எடுத்துக்கொண்டு போய்த் தேங்காய் நாற்பது பைசாவுக்கும் கற்பூரம் பத்துப் பைசாவுக்கும் வாங்கி, மீதி ஐம்பது பைசாவை அம்மாவிடம் கொடுத்தேன். "நேத்தே வாங்கச் சொன்னேன் இல்ல?" என்றதோடு அம்மா விட்டுவிட்டார். காசு வந்துவிட்டது, அடி விழவில்லை, சித்தப்பாவும் கோபம் தணிந்து நாலு நாளில் வந்துவிடுவார். கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

அவர் வரவில்லை. 1976இல் அப்பா இறந்ததற்கும் வரவில்லை. பதினாறாம் நாள் கழித்து நானே பெங்களூர் போய், அவர் குடியிருந்த ஒற்றை அறையைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். ஏழு வருடம் சொல்லாததைச் சொல்ல நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சித்தப்பா."

"நாலாவது அடியில அண்ணன் பேரு வரும்டா," என்றார். "அவரு கேக்கணும்னுதான் அந்த மேடையே கேட்டேன்."

பாடிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் பாடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அதன் பிறகு நான் போட்ட ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அந்தப் பயணத்துக்குப் போக வர பஸ் சார்ஜ் பதின்மூன்று ரூபாய் இருபது பைசா.