மங்கம்மாள் வீட்டு முகடு

எங்கள் ஊரில் மங்கம்மாள் வீட்டுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் முட்டுக்கொம்பு நிற்கிற வீடு அது ஒன்றுதான். மண்சுவர் சாயச் சாய, ஆண்டுக்கு ஒரு கொம்பு வெட்டிவந்து முட்டுக் கொடுப்பாள். எட்டு ஆண்டில் எட்டுக் கொம்பு. எங்கள் ஊர்க்காரர்கள் அதை எண்ணிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு கொம்பு வெட்டிக்கொடுக்க மட்டும் ஒருவனுக்கும் கை வராது. நானும் அந்த ஊர்க்காரன்தான்.

அவள் புருஷன் கருப்பன் என் கூட்டாளி. எழுபத்தொன்றில் சாமை பொய்த்தபோது, கிணறு வெட்டுகிற வேலைக்கென்று மலையிறங்கி ஒடுகத்தூர்ப் பக்கம் போனான். போவதற்கு முன் புது வீட்டு முகட்டுக்கென்று வேங்கை மரம் ஒன்றை வெட்டிச் செதுக்கி, வீட்டுக்குப் பின்னால் கல்லடுக்கிக் கிடத்தினான். தை மாதம் வந்ததும் கட்டிவிடுவோம் என்று என்னிடமும் சொன்னான். அப்போது மகள் செல்லிக்கு ஆறு வயது. எட்டுத் தை வந்துபோனது, அவன் வரவில்லை. கிணற்றில் வெடிவைக்கும்போது செத்துப்போனான் என்றார்கள் சிலர். மைசூர்ப் பக்கம் போனான் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

புது வீடு கட்ட மங்கம்மாளுக்கு வழியில்லாமல் இல்லை. மண்ணும் புல்லும் மலையில் கிடக்கிறது. மரமோ பின்கட்டிலேயே கிடந்தது. கரையான் ஏறாமல் மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டு, சாம்பல் தூவி, அதைப் பிள்ளைபோல் காத்தாள். தடையாக இருந்தது எங்கள் வழக்கம். சுவரை யாரும் வைக்கலாம், கூரையை யாரும் வேயலாம். முகட்டுமரத்தை மட்டும் அந்த வீட்டு ஆம்பிளைதான் தோளில் ஏற்றித் தூக்கிவைக்க வேண்டும். அவன் செத்திருந்தால் உடன்பிறந்தவன் தூக்கலாம். உயிரோடு இருக்கிறவனுக்குப் பதில் இன்னொருவன் தூக்கினால், அவன்மேல் மண் தள்ளியதற்குச் சமம்.

கருப்பனின் அண்ணன் குப்பன் கால் ஊனமானவன், நல்ல மனுஷன். தூக்கித் தருகிறேன் என்று இரண்டு தடவை அவனாகவே கேட்டான். அவள் சம்மதிக்கவில்லை. புது வீடு வேண்டுமென்றால் கருப்பன் செத்தான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிட இன்னொரு கொம்பு வெட்டுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம்தான் வரும். இலவு காத்த கிளி என்று என் பெண்சாதியிடம் திட்டியிருக்கிறேன்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் மேலண்டைச் சுவர் விழுந்தது. செல்லி படுக்கிற பாயின்மேல் விழுந்தது. ஆட்டுக்குட்டி கத்துகிறதென்று அவள் அப்போதுதான் எழுந்து வெளியே போயிருந்தாள். நாங்கள் ஓடிப்போனபோது, மங்கம்மாள் ஈரமண்ணைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். மகள் பின்னால் நின்று கூப்பிடுவது அவள் காதில் ஏறவில்லை. பாயை இழுத்து வெளியே போட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்கத் தாயும் மகளும் எங்கள் வீட்டு ஆட்டுக்கொட்டகையில் இருந்தார்கள். கட்டுவதா, இன்னும் காப்பதா என்று அவள் மனசு கிடந்து அல்லாடியது. தின்கிற கூழ்கூட உடம்பில் ஒட்டவில்லை. கடைசியில், பங்குனியில் புளி விற்க ஒடுகத்தூர்ச் சந்தைக்குத் தான் போகும்போது என்னையும் கூட வந்து, ஒரு தடவை விசாரித்துப் பார்க்கச் சொன்னாள். நானும் போனேன்.

விசாரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. சந்தை முடிந்து ஊர்க்கோடி வழியாகத் திரும்பும்போது, ஒரு புது ஓட்டு வீட்டின் கூரைமேல் ஒருவன் உட்கார்ந்து ஓடு அடுக்கிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஒரு பெண்பிள்ளை ஓடு எடுத்துக் கொடுத்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. மேலே இருந்தவன் கருப்பன். கொஞ்சம் பருத்திருந்தான், அவ்வளவுதான். எங்களை அவன் பார்க்கவில்லை. நான் கத்த வாயெடுத்தேன். மங்கம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். புளியமரத்து மறைவில் நின்ற அவள் அவனைப் பார்க்கவில்லை, கூரையையே பார்த்தாள்.

"முகடு நேரா கீது, அண்ணா," என்றாள்.

மலை ஏறும்போது வழியெல்லாம் நான்தான் பேசினேன். ஊர்க்கவுண்டரிடம் சொல்கிறேன், பத்துப் பேரோடு போய் அவனை இழுத்து வருகிறேன் என்று குதித்தேன். ஓடைப்பாறை வந்ததும் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தாள்.

"இட்டாந்து இன்னா பண்றது? அவன் வந்து முகட்டைத் தூக்குனா வூடு அவனுது ஆயிடும். நாளைக்கு மறுபடியும் எறங்கிப் போனா, எம்பொண்ணு மறுபடியும் கொம்பு வெட்டணுமா?"

"அதுக்கு?"

"செத்துட்டான்னு சொல்லு. நீ பாத்தேன்னு சொன்னா ஊரு நம்பும்."

காளி கோயில் கல்லில் கைவைத்துத்தான் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது என்று வளர்ந்தவன் நான். முடியாது என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த நடையைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஊர் எல்லை வருவதற்குள் என் மனசு இளகிப்போனது.

மறுநாள் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கூட்டம் கூட்டினார். கல்லில் கைவைத்தேன். கிணற்றில் வெடிபட்டுச் செத்தான், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றேன். ஊர் நம்பியது. அடுத்த ஆண்டு என் இளைய மகன் காய்ச்சலில் போனான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பு கிடைக்காத சாவுக்குப் புல்லில் ஆள் கட்டிச் சுடுவது எங்கள் வழக்கம். கூரைக்கு அறுத்து வைத்திருந்த புல்லிலேயே ஒரு கட்டு எடுத்துக் கருப்பனைக் கட்டினார்கள். மங்கம்மாள் தாலியைக் கழற்றி அதன் மார்பில் வைத்தாள். பிறகு அழுதாள் பாருங்கள், அந்த அழுகையை நான் எந்தச் சாவிலும் கேட்டதில்லை. ஊருக்காக அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

சித்திரையில் சுவர் எழும்பியது. குப்பன் அந்த வேங்கை மரத்தைத் தோளில் ஏற்றித் தூக்கினான். ஊனக்கால் தாங்கவில்லை. மரம் கிழக்கே ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது. ஏற்றிய முகட்டை இறக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த வீட்டிலிருந்துதான் செல்லியைக் கட்டிக்கொடுத்தாள். அந்த வீட்டில்தான் எண்பத்தாறில், பாயும் படுக்கையுமாக மூன்று மாதம் கிடந்தாள். நடந்ததைப் பற்றி அவளும் நானும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியாக நான் பார்க்கப் போன அன்று, மல்லாந்து படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லி தண்ணீர் எடுக்க வெளியே போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் வூட்டு முகடு நேராத்தான இருந்துச்சு, அண்ணா?"

இல்லை, அதுவும் கோணல்தான் என்றேன். அது நான் சொன்ன இரண்டாவது பொய். அவள் நம்பவில்லை.