கடைவாய்ப் பல் சொன்ன பெயர்

இறந்தவர் உடலிலிருந்து டி.என்.ஏ. பிரித்து அளக்கிற தொழில் எங்களுடையது. மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வரும் சகாக்களே, இது உங்களுக்காக.

எக்கச்சக்க அளவு

எண்ணூர் முகத்துவாரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. பல நாள் தண்ணீரில் கிடந்து முகமே போய்விட்டது. படகிலிருந்து விழுந்து காணாமல்போன தன் கணவர்தானா என்று தெரியாமல் நெட்டுக்குப்பம் செல்வி தவித்துக்கொண்டிருந்தார். யாரையோ கணவர் என்று புதைத்துவிட்டு, பிறகும் அவர் வருவாரா என்று காத்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

தொடைச் சதையிலிருந்து டி.என்.ஏ. பிரித்து அளந்தேன். மெஷினில் எக்கச்சக்க அளவு! மார்தட்டிக்கொண்டு சீனியர் யூசுப் பாயிடம் ஓடினேன். அவர் மனித டி.என்.ஏ.வை மட்டும் அளக்கும் சோதனையைச் செய்யச் சொன்னார். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மனிதருடையது துண்டு துண்டாகச் சிதைந்திருந்தது. நான் அளந்ததெல்லாம் சதையைத் தின்ற கிருமிகளுடையது. ராயபுரத்துக்காரரான பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, செத்தவரு அட்ரஸ் கேட்டா, அவரைத் தின்னவன் அட்ரஸை எட்த்தாந்துகீற?"

நல்ல மனசு செய்த வேலை

வேறு சதை கேட்டோம். அழுகாமல் இருக்கட்டும் என்ற நல்ல மனசோடு சவக்கிடங்கு உதவியாளர் அதைப் பதப்படுத்தும் மருந்தான ஃபார்மலினில் ஊறப்போட்டு அனுப்பினார். பார்க்கப் புதுசு, உள்ளே அந்த மருந்தால் டி.என்.ஏ. பாழ். இனி பல்தான் கதி என்று போலீஸ்காரரோடு நானே கிடங்குக்குப் போனேன்.

வாசலில் செல்வி நின்றிருந்தார். மறைக்க மனசு வரவில்லை. சதை உதவவில்லை, கடைவாய்ப் பல் எடுக்கப்போகிறோம் என்று சொன்னேன். தினமும் மீன் விற்கிறவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "கெட்ட மீன்ல வயிறுதாம்மா மொதல்ல போவும், முள்ளு நிக்கும். இது தெர்யாமயா இம்மாம் படிச்ச?"

சொட்டளவு

டாக்டர் எடுத்துக் கொடுத்த பல்லை நன்றாகக் கழுவி, பொடித்து, பக்குவமாகக் கரைத்தேன். கிடைத்தது மிகச் சொற்பம், ஆனால் அத்தனையும் மனிதருடையது. செல்வியின் மகளுடைய எச்சிலில் எடுத்த டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டபோது, தகப்பன் என்று ஒவ்வோர் இடத்திலும் பொருந்தியது. ஒரு சாவை உறுதிசெய்துவிட்டு இவ்வளவு பெருமைப்படலாமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பெருமைப்பட்டேன்.

அறிக்கை போலீஸ் வழியாகப் போய், அடக்கமும் முடிந்த பிறகு செல்வி என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்: "எம் பொண்ணு கேட்டா, அப்பா இங்கதான் கீறாருன்னு காட்ட ஒரு எடம் கீதும்மா இப்போ."

கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பந்தி முடிகிறவரை வாயைத் திறக்காமல், மனசுக்குள் மட்டும் கர்வப்பட்டுக்கொள்கிறேன்.